ஆட்டமே இல்லாத மெஷின்

வாங்கப்போவது ஒன்றுதான். மேசைமேல் மரம் அறுக்கிற மெஷின் மூன்று படுத்திருக்கின்றன. கடைக்கார ஜபருல்லா பாய் மூன்றின் பாரிலிருந்தும் பிளாஸ்டிக் உறையை உருவிப் போட்டுவிட்டு, "பாருங்க கலியமூர்த்தி, மாட்டுச் சந்தையில பாக்கற மாதிரி பல்லப் பாருங்க, வாலத் தூக்கிப் பாருங்க" என்று சொல்லி டீ வாங்கப் போயிருக்கிறார். பல்தான் பார்க்க வேண்டும். பார் என்கிற அந்த நீளத் தகட்டைச் சுற்றி ஓடுகிறது சங்கிலி, சங்கிலி முழுக்கப் பல். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவு. இந்த நகம் அளவு இரும்பு ஒரு புளியமரத்தைத் தின்றதை முதன்முதலில் பார்த்த நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. அதுவரைக்கும் நாங்கள் கோடாலியும் இழுப்பு ரம்பமும் வைத்துப் பிழைத்தவர்கள். எதிரும் புதிருமாக இரண்டு பேர் உட்கார்ந்து இழுத்தால் ஒரு புளியமரத்துக்கு ஒரு பகல் முழுதாகப் போகும், படுத்த பிறகும் தோள்பட்டை தன்னால் இழுத்துக்கொண்டிருக்கும். கடலூர்க்காரன் ஒருவன் வந்தான், சாக்குப்பையிலிருந்து இதை எடுத்தான், கயிற்றை ஒரு இழு இழுத்து மரத்தில் வைத்தான். வாயில் போட்ட வெற்றிலையை நான் மென்று முடிக்கவில்லை, மரம் படுத்துவிட்டது. யாரும் கைதட்டவில்லை. எங்களில் ஒருத்தன் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். ஏன் கழற்றினான் என்று பிறகு கேட்டதற்கு அவனுக்கே தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் இதைப் பிடித்துச் சம்பாதித்துச் சாப்பிட்ட பிறகும், உறை கழற்றின ஒரு புது பாரைப் பார்த்தால் எனக்கும் கால் அப்படித்தான் கூசுகிறது.

அஞ்சலாட்சி பக்கத்தில் நின்று மூன்றையும் பார்க்கிறாள். தாலி கட்டின வருஷத்திலிருந்து மரம் வெட்டும் இடத்துக்கெல்லாம் என்கூட வருகிறவள். கிளை இழுப்பது, விறகு அடுக்குவது, சங்கிலிக்கு அரம் போட்டுக் கூர் பிடிப்பது எல்லாம் அவள். நான் சாப்பிட உட்காரும் நேரத்தில் மெஷினை எடுத்துப் படுத்த மரத்தின் கிளைகளைக் கழிக்கவும் செய்வாள், ஏன்டி என்றால் "சும்மா கெடக்குதேன்னு எடுத்தன்" என்பாள். காலையில் என் சட்டைப் பொத்தானை அவள்தான் போட்டுவிட்டாள். புதுச் சட்டை, பொத்தான் வழுக்குகிறது, விரலுக்குப் பிடிபடவில்லை. "கடைக்குப் போறதுக்கே மாப்ள அலங்காரம் கேக்குதா ஒனக்கு" என்று கேட்டுக்கொண்டே கழுத்துவரை போட்டுவிட்டாள், நானும் சிரித்தேன். இப்போது அவள் விலை எழுதின அட்டைகளைப் பார்க்கிறாள், நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன். முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருக்கும் பணத்துக்குப் பெரிய கம்பெனி மெஷினில் சின்னது வரும், பேர் தெரியாத கம்பெனி மெஷினில் பெரியது வரும். நடுவில் ஒன்று இருக்கிறது, அதற்குப் பாய் கொஞ்சம் மனசு வைக்க வேண்டும். தப்பாக வாங்கிவிட்டால் இன்னொன்று வாங்க வழி கிடையாது. பழையது தை மாசம் முந்திரிக்கொல்லையில் செத்துப்போனது. இஞ்சினைப் பிரித்த மெக்கானிக், "இதுக்கு நீ மெக்கானிக்க தேடி வந்திருக்கக் கூடாது, மோளக்காரன தேடிப் போயிருக்கணும்" என்றான்.

செத்ததில்கூட வருத்தம் இல்லை, அதற்கு முந்தின வாரம் அது செய்த வேலைதான் அடிக்கடி வந்து நிற்கிறது. முந்திரி மரம் தரையோடு தவழ்கிற மரம், எந்தக் கிளை எதற்குப் பின்னால் இருக்கிறது என்று தெரியாது. பாரின் நுனி மறைவில் இருந்த ஒரு கிளையைத் தட்டியது, மெஷின் முகத்தைப் பார்த்து எகிறியது. எகிறும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எகிறுவதற்கு ஒரு கண்ணிமைக்கு முன்னால் கைப்பிடியில் ஒரு துடிப்பு வரும், தூண்டிலில் மீன் தொடுகிற மாதிரி. கை அதை அறிந்து தானே இறுக்கிக்கொள்ளும், புத்திக்குச் செய்தி அப்புறம்தான் போகும். அன்றைக்குச் செய்தி வரவில்லை. பார் என் காதைத் தாண்டிப் போனதைக் கண்ணால்தான் பார்த்தேன், வேறு யாருக்கோ நடப்பதைப் பார்ப்பது போல. பிரேக் தட்டிச் சங்கிலி நின்ற பிறகு காதோரம் ஒரு காற்று அடித்தது, அந்தக் காற்றில் பெட்ரோல் வாசனை இருந்தது. மெஷின் கிழடாகிவிட்டது, அதனால்தான் சொல்லாமல் எகிறுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அஞ்சலாட்சியிடம் சொல்லவில்லை. புதுசு வாங்கினால் எல்லாம் சரியாகும். சிவப்பு, பச்சை, வெள்ளை. சிவப்பு இருபத்திரண்டு அங்குலப் பார், கனம், பேர் யாரும் கேள்விப்படாத பேர், விலை குறைவு. வெள்ளை வெளிநாட்டுக் கம்பெனி, பதினாலு அங்குலம், கையில் எடுத்தால் முறம் மாதிரி லேசு. பச்சை பதினெட்டு. கைப்பிடிக்கும் இஞ்சினுக்கும் நடுவில் ஸ்பிரிங் வைத்திருக்கிறான், உற்றுப் பார்த்தால் தெரிகிறது, பேனாவுக்குள் இருக்குமே அந்த மாதிரி ஆனால் தடியாக. என் கண் சிவப்பைவிட்டு நகரமாட்டேன் என்கிறது. காரணம் ரெட்டியார் தோப்புப் பலா.

அந்தப் பலாவை நினைத்தால் கடை, மேசை, விலை எல்லாம் பின்னால் போய்விடுகிறது. இந்தப் பண்ருட்டிப் பக்கத்தில் பலாவைப் பார்க்காமல் பத்து அடி நடக்க முடியாது, ஆனாலும் அதை மரம் என்று சொல்ல வாய் வரவில்லை. அடிமரத்தை நானும் அஞ்சலாட்சியும் கைகோத்துக் கட்டினாலும் இன்னும் ஒரு ஆள் வேண்டும். தூரில் காய்த்து, மண்ணுக்குள்ளேயே வேரில் பழம் வெடித்து, வாசனையை வைத்துத் தோண்டி எடுத்த வருஷமெல்லாம் உண்டு. இப்போது காய்ப்பு நின்றுவிட்டது, ரெட்டியார் வீட்டுப் பக்கம் சாய்ந்தும்விட்டது, வெட்டச் சொல்லிவிட்டார். தஞ்சாவூரிலிருந்து வீணை செய்கிறவர் ஒருவர் வந்து அடிமரத்தைத் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், ஒரு விரிசல் இல்லாமல் நேர் அறுப்பில் இறக்கிக் கொடு என்றார். உள்ளே என்ன மஞ்சள் இருக்கும் என்று எனக்குத் தெரியும். பலா அறுத்த நாளில் வீட்டுக்குப் போனால் தலை, புருவம், கைமயிர் எல்லாம் மஞ்சள் குளித்த மாதிரி இருக்கும், தேய்த்துக் குளித்தாலும் தலையணையில் மறுநாள் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதற்குள்ளிருந்து ஒருநாள் சத்தம் வரப்போகிறது, யாரோ ஒரு பெண்பிள்ளை எங்கோ மேடையில் உட்கார்ந்து மீட்டப்போகிறாள். அதற்கு நான் நேராக அறுக்க வேண்டும். நேர் அறுப்புக்கு நீளப் பார் நல்லது, சின்னதை வைத்து நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி வந்தால் படிக்கட்டு மாதிரி விழுந்துவிடும் என்று புத்தி கணக்குப் போடுகிறது. இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போடுவது வேறொன்றை நினைக்காமல் இருப்பதற்காக என்பதும் தெரிகிறது. அந்தப் பலா எனக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

எங்கள் மரம் வெட்டும் செட்டில் ஒரு வழக்கம் உண்டு. வெட்டுக்கு முந்தின நாள் பொழுது சாயும்போது செட்டுக்குத் தலைமையாள் மட்டும் மரத்தண்டை போவான். வலது கையின் ஐந்து விரலும் பதிய அடிமரத்தில் வைத்து, "நாளைக்கு வர்றம், குடியிருக்கறவங்க எடத்த மாத்திக்குங்க" என்று சொல்லுவான். பறவை, அணில், ஓணான், கண்ணுக்குத் தெரியாத வேறு யாராவது, எல்லோருக்கும் பொதுவான சொல் அது. சொன்ன பிறகு கையை எடுக்கக் கூடாது. பட்டை வழியாக ஒரு குளிர்ச்சி மெல்ல ஊறி விரல் நுனிக்கு வரும். பகல் முழுக்க வெயிலில் நின்ற மரத்துக்குள்ளிருந்து கிணற்றுத் தண்ணீர் மாதிரி ஒரு குளிர்ச்சி எப்படி வருகிறது என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான், ஒவ்வொரு மரத்திலும் அது வரும்போது என் முதுகு சிலிர்த்துவிடும். வந்தால் சம்மதம். வரவில்லை என்றால் வேறு நாள். தலைமையாள் ஆனதிலிருந்து எனக்கு எப்போதும் வந்தது. போன மழைக்காலத்துக்குப் பிறகு குறைந்தது. மார்கழியில் ஒரு மாமரம் வாயைத் திறக்கவே இல்லை. அப்புறம் ஒரு வேம்பு. வந்தது என்று செட்டில் பொய் சொல்லிவிட்டு வெட்டினேன், வெட்டிவிட்டு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அந்த மார்கழியில் விரல் நுனியெல்லாம் சுண்ணாம்பு தடவின மாதிரி வெளுத்துப்போனது, பனி என்று விட்டுவிட்டேன். ரெட்டியார் தோப்புப் பலாவில் இரண்டு சாயங்காலம் கை வைத்து நின்றேன். சுவரில் கை வைத்தது போல இருந்தது. நாள் சரியில்லை என்று ரெட்டியாரிடம் சொன்னதற்கு, "என்னாடா கலியமூர்த்தி, மரத்த பாக்க அப்பாயின்ட்மென்ட் வாங்கணுமா? வர்ற வாரம் நீ வெட்டலன்னா, நெல்லிக்குப்பத்து செட்ட கூப்ட்டுக்கறன்" என்றார். மரங்களெல்லாம் சேர்ந்து பேசிவைத்துக்கொண்டு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டன என்றே இரவில் தோன்றும். இவன் கையால் போதும் என்று முடிவு செய்துவிட்டன. ஒரு ஆள் வெட்டித் தள்ளக்கூடிய அளவு என்று ஒன்று மரங்களிடம் இருக்கிறது போல, நான் அதைத் தாண்டிவிட்டேன் போல. இதை யாரிடம் சொல்ல.

"டீ ஆறுது" என்று அஞ்சலாட்சி சொல்கிறாள். பாய் வந்ததும் தெரியவில்லை, மேசை ஓரத்தில் கண்ணாடிக் கிளாஸ் வைத்ததும் தெரியவில்லை. கையில் எடுத்து ஒரு வாய் குடிக்கிறேன், உதடு பொசுங்குகிறது. ஆறவெல்லாம் இல்லை. அவள் தன் கிளாஸை முந்தானையால் சுற்றிப் பிடித்து ஊதிக்கொண்டிருக்கிறாள். "யோவ், நெருப்பா கொதிக்குது, எப்படிய்யா புடிச்சிருக்க? ஒன் கை என்னா கையா, கரண்டியா?" பாய் சிரிக்கிறார். "காப்பு காச்ச கை தங்கச்சி, மரம் வெட்டறவங்க கை அப்படித்தான்." "நானுந்தான் வெட்டற எடத்துல கெடக்கறன், எனக்கு சுடுதே பாய்." "நீ கூலிக்காரி, அவரு மொதலாளி." "நல்ல மொதலாளி. சட்டப் பொத்தானுக்கு ஆள் தேடற மொதலாளி." நானும் சிரித்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைக்கிறேன். வைத்த கையைப் பார்க்கிறேன், சிவந்திருக்கிறது. பாய் கேட்கிறார், "சொல்லுங்க, எது கண்ணுல நிக்குது?" சிவப்பு என்கிறேன். அவர் முகத்தைச் சுளிக்கிறார். "விக்கறவன் நான், நானே சொல்லக் கூடாது. பச்சைய பாருங்க. கொஞ்சம் கூட ஆவும், நான் பாத்துக் கொறைக்கறன்." அஞ்சலாட்சி என்னைப் பார்க்காமல், "பச்சையில என்னா பாய் விசேஷம்?" என்கிறாள். "ஆட்டம் தங்கச்சி. இஞ்சின் ஆட்டம் கைக்கு வராம ஸ்பிரிங் தாங்கிக்கும். செவப்புல அது கெடயாது, மொத்த ஆட்டமும் கைக்குத்தான். சாயங்காலம் சோத்த பெசைய முடியாது." "இருபத்திரண்டு அங்குலம் வேணுமே பாய், பலா பெருசு" என்கிறேன். "பதினெட்ட வச்சி ரெண்டு பக்கம் அறுத்தா வராதா? அறுக்கறது பாரா, நீங்களா?" வெளியே வாங்க, ஓட்டிப் பார்த்து முடிவு பண்ணுங்க, காது சொல்வதைக் கேட்காதீர்கள், கை சொல்வதைக் கேளுங்கள் என்று சொல்லி, இரண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்கட்டுக்கு நடக்கிறார். மூன்றாவதை நான் தூக்கிக்கொள்கிறேன்.

கடைக்குப் பின்னால் சின்ன முற்றம். ஓட்டிப் பார்ப்பதற்கென்றே ஒரு வேலமரத் துண்டைக் கட்டைமேல் ஏற்றிக் கட்டி வைத்திருக்கிறார், அதன் ஒரு முனை வெட்டி வெட்டித் தேய்ந்து போயிருக்கிறது. சுவரோரம் ஒரு பூவரசு நிற்கிறது, அதன் மஞ்சள் பூ ஒன்று பெட்ரோல் கேன்மேல் விழுந்து கிடக்கிறது. முதலில் வெள்ளை. கயிற்றை இழுக்கிறேன், சீறிக்கொண்டு பிடிக்கிறது. வேலமரத்தில் வைக்கிறேன், தூள் பறக்கிறது, துண்டு விழுகிறது. கை சொல்வதைக் கேள். கேட்கிறேன். ஒன்றும் இல்லை, அமைதியாக இருக்கிறது. வெளிநாட்டுக்காரன் செய்தது, இருக்கத்தான் செய்யும். அடுத்தது பச்சை. இதன் குரல் கனமானது, துண்டு இன்னும் சீக்கிரம் விழுகிறது, கையில் இதிலும் ஒன்றும் இல்லை. ஸ்பிரிங் வேலை செய்கிறது போலிருக்கிறது, பாய் சொன்னது சரிதான். மூன்றாவது சிவப்பு. இதற்குத்தான் பயந்தேன், இதன் மேல்தான் ஆசையும். கயிறு கனமாக இழுபடுகிறது, இரண்டாவது இழுப்பில் உறுமுகிறது, முற்றத்துக் கோழி இரண்டும் சுவரேறிக் குதிக்கின்றன. கட்டையில் வைக்கிறேன். வெண்ணெயில் கத்தி என்று சொல்லக் கூடாது, வெண்ணெய்கூடக் கொஞ்சம் ஒட்டும். நீளப் பார் கட்டையின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்து தன் பாட்டுக்கு இறங்குகிறது. ஆட்டம் எங்கே? காத்திருக்கிறேன். முழங்கையில் ஏதோ லேசாக நமநமவென்று இருக்கிறது, தோளில் கொஞ்சம் அதிகமாக. கையில் இல்லை. இஞ்சினை முழு வேகத்துக்கு அழுத்துகிறேன். இல்லை. இவ்வளவு பெரிய சத்தத்துக்கு நடுவில் என் இரண்டு கையும் மட்டும் ஏதோ ஒரு குளத்துக்குள் அமிழ்ந்து கிடப்பது போல அமைதியாக இருக்கின்றன. உடம்பு சிலிர்க்கிறது. எவனோ பேர் தெரியாத ஒருவன், எந்த ஊர்க் கொட்டகையிலோ உட்கார்ந்து, ஸ்பிரிங் இல்லாமல், அதிக விலை இல்லாமல், ஆட்டமே இல்லாத ஒரு மெஷினைச் செய்து இந்த மேசைக்கு அனுப்பியிருக்கிறான். அது என் பணத்துக்கு அடங்குகிறது. எனக்காகவே செய்த மாதிரி இருக்கிறது. இதை எடுத்துக்கொண்டு போனால் பலா பேசினாலும் பேசும். கண்ணில் தண்ணீர் வருகிறது, தூள் என்று துடைத்துக்கொள்கிறேன், அணைக்கிறேன். "பாய், செவப்பு. முடிஞ்சிது. ஆட்டமே இல்ல."

பாய் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்துகிறார். "எதுல?" "இதுல. செவப்புல. மூணும் ஒண்ணுதான் பாய், நீங்கதான் பச்சைய தள்ளிவுடப் பாக்கறீங்க." அவர் சிரிப்பார் என்று பார்க்கிறேன், சிரிக்கவில்லை. "இத்தினி வருசமா விக்கறன், இந்த மெஷின புடிச்சிட்டு இப்படி சொன்ன மொத ஆளு நீங்கதான்" என்கிறார் மெதுவாக. அஞ்சலாட்சி முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு வருகிறாள். "குடு இங்க." "கனம்டி." "நீ பொறந்தப்பவே மெஷினோட பொறந்தியா, குடு." பாய் விலகி நிற்கிறார். அவள் காலை அகட்டி நின்று, கயிற்றை இழுக்கிறாள், மூன்றாவது இழுப்பில் பிடிக்கிறது. கட்டையில் வைக்கிறாள். அவள் கையில் கண்ணாடி வளையல், கைக்கு அரை டஜன், பங்குனித் தேருக்குப் போட்டுக்கொண்டது. மெஷின் வேகம் எடுத்ததும் வளையல்கள் துள்ள ஆரம்பிக்கின்றன. சத்தம் கேட்கவில்லை, இஞ்சின் சத்தத்தில் கேட்காது. ஆனால் தெரிகிறது. ஒன்றின்மேல் ஒன்று ஏறி, முழங்கைவரை ஓடி, திரும்பி மணிக்கட்டுக்கு வந்து, ஒரு வளையலாகவும் இல்லாமல் ஒரு பச்சை மூட்டமாகத் தெரிகின்றன. அவள் கன்னம் ஆடுகிறது. ஒரு வளையல் இரண்டாக உடைந்து தூளுக்குள் விழுகிறது. அணைத்து மெஷினைக் கீழே வைத்துவிட்டுக் கையை உதறுகிறாள், ஊதுகிறாள். "யம்மா, பல்லெல்லாம் கழண்டுடும் போல இருக்குய்யா! இதுவா ஆட்டமில்ல?" அவளே பச்சையை எடுத்து ஓட்டுகிறாள். மிச்சமிருந்த வளையல்கள் மணிக்கட்டில் லேசாக நடுங்கிக்கொண்டு அங்கேயே இருக்கின்றன.

அவள் அணைத்துவிட்டு மெஷினைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்க்கிறாள். பொத்தான், டீ என்று அவள் முகத்தில் ஒவ்வொன்றாக ஓடுவது எனக்குத் தெரிகிறது. பக்கத்தில் வந்து என் வலது கையைப் பிடித்துத் திருப்புகிறாள், கடைக்காரருக்கு முன்னால் இப்படிக் கையைப் பிடிக்கிறவள் இல்லை. "கண்ண மூடு" என்கிறாள். "எதுக்குடி?" "மூடுய்யா." மூடுகிறேன். பூவரசில் ஒரு காக்கை கத்துகிறது, தெருவில் பஸ் போகிறது. காத்திருக்கிறேன். "தெரியுதா?" "எது?" என்று கேட்டுவிட்டுக் கண்ணைத் திறக்கிறேன். என் ஆள்காட்டி விரல் நுனியில் அவள் நகம் இறங்கி இருக்கிறது, நன்றாக இறங்கி, எடுத்த பிறகும் பிறை மாதிரி ஒரு பள்ளம் நிற்கிறது. அவள் விரலை விடவில்லை. "எப்பலேருந்து?" அவள் கேட்டதில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது. எப்போதிலிருந்து என்று எனக்கு எப்படித் தெரியும். போனதற்கு அடையாளமே போனது தெரியாததுதான். பாய் தரையைப் பார்த்துக்கொண்டு, "எங்க சின்ன மாமாவுக்கு இப்படித்தான் ஆச்சு, கல் ஒடைக்கற மெஷின் புடிச்சாரு" என்கிறார், அதற்கு மேல் அந்த மாமா என்ன ஆனார் என்று சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கின விரல், தாலி முடிச்சுப் போட்ட விரல், அரிசி கல் பார்த்த விரல் என்று என்னென்னமோ வரிசையாக வருகிறது. முந்திரிக்கொல்லையில் காதோரம் அடித்த காற்று வருகிறது. மெஷின் அன்றைக்கும் சொல்லிவிட்டுத்தான் எகிறியிருக்கிறது. கேட்பதற்கு ஆள் இல்லை. பிறகு, எல்லாவற்றுக்கும் பின்னால், தாமதமாக ஒன்று வருகிறது. வந்த இடத்திலேயே என்னை நிறுத்திவிடுகிறது. அப்படியானால் மரங்கள்?

பூவரசை நோக்கி நடக்கிறேன். அது பெரிய மரம் இல்லை, மதில் உயரம் தாண்டி இரண்டு கை இருக்கும். வலது கையை விரித்து ஐந்து விரலும் பதிய வைக்கிறேன். சுவர். எதுவும் இல்லை, பலாவில் கை வைத்தபோது இருந்த அதே வெறுமை. கையை எடுக்கிறேன். குனிந்து, பட்டையில் கன்னத்தை வைக்கிறேன். முதலில் சொரசொரப்பு மட்டும் தெரிகிறது, ஒரு எறும்பு மூக்குப் பக்கம் ஏறுகிறது. பொறுத்திருக்கிறேன். அப்புறம் உள்ளேயிருந்து, பட்டைக்கும் பின்னால் எங்கோ ஆழத்திலிருந்து, அது வருகிறது. கன்னத்து எலும்பில் தொட்டு, கண்ணுக்குக் கீழே பரவி, பல்லுக்குள் இறங்குகிறது. பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் இந்த மரம் தனக்குள் இத்தனை தண்ணீரை ஏற்றி நிறுத்திக்கொண்டு நிற்கிறது. அந்த மாமரமும் இப்படித்தான் நின்றிருக்கும். அந்த வேம்பும். இரண்டு சாயங்காலம் நான் முன்னால் நின்று ஒன்றுமில்லை என்று திரும்பினேனே அந்தப் பலாவும், ஒருவன் கதவைத் தட்டிவிட்டுச் செவிடாக நின்றால் உள்ளேயிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார்களே, அப்படிக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கும். ஒரு மரமும் என்னோடு பேச்சை நிறுத்தவில்லை. கை போய்விட்டது என்ற துக்கமும் இதுவும் ஒரே நேரத்தில் வருகின்றன, எதற்கு முதலில் இடம் கொடுப்பது என்று தெரியாமல் கன்னத்தை எடுக்காமல் நிற்கிறேன்.

"யோவ், பாய் பாக்கறாரு. மரத்துக்கு முத்தமா குடுக்கற?" அவள் குரல் உடைந்திருக்கிறது, கிண்டலை வைத்து ஒட்டப் பார்க்கிறாள். "இங்க வா. கைய வையி" என்கிறேன். "எங்க?" "என் மூஞ்சிக்குப் பக்கத்துல." அவள் வந்து வைக்கிறாள், ஆட்டத்தில் சிவந்த உள்ளங்கை, அரத்தூள் ஏறின ரேகை, வளையல் ஒன்று குறைந்த மணிக்கட்டு. கொஞ்ச நேரம் வைத்திருக்கிறாள். "சில்லுனு இருக்கு" என்கிறாள், மழை பெய்தால் ஈரமாக இருக்கும் என்று சொல்கிற மாதிரி, இதில் கேட்க என்ன இருக்கிறது என்கிற மாதிரி. "நாளைக்கு சாயங்காலம் ரெட்டியார் தோப்புக்குப் போவணும். நீதான் வச்சி சொல்லணும்" என்கிறேன். "தலைமையாளுதான வைக்கணும்?" "அதத்தான் சொல்றன்." அவள் கையை மரத்திலேயே வைத்திருக்கிறாள். பாய் செருமுகிறார். சிவப்பு மெஷினைக் காலால் ஓரமாக நகர்த்திவிட்டு, பச்சையின் சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, தூளைத் துணியால் துடைத்து, பாருக்கு உறை போடுகிறார். "அப்ப இதத்தான?" என்று கேட்டு, பழகின வாடிக்கையாளரிடம் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்தி என் முன்னால் நீட்டுகிறார்.

நான் அஞ்சலாட்சிக்கு வழிவிட்டு ஒதுங்கி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.